தீவகப் பயணம்: கடைசிப் படகிலிருந்து திட்டம் போடுங்கள்

யாழ்ப்பாணத்தை அடுத்துக் கடலில் கிடக்கும் தீவுகளான தீவகத்துக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து முதலில் வீதியைத்தான் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணம், பண்ணை, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். ஏறத்தாழ 30 கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளில் ஒரு மணிநேரத்துக்குள் ஓடிவிடலாம். இந்தக் கணக்கை நம்பி ஒன்பதரைக்கு ஆறுதலாகப் புறப்படுபவர்கள், நெடுந்தீவுப் படகு போய்விட்ட பிறகு குறிகட்டுவான் துறையில் வந்து நிற்பார்கள். தீவகத்தில் வீதி எந்நேரமும் திறந்தே கிடக்கும். நேரத்தை முடிவு செய்வது கடல். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தைக் குறியுங்கள்.

எங்கே வண்டியோடு போகலாம், எங்கே போக முடியாது என்பது அடுத்த கேள்வி. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வீதிகளால் யாழ்ப்பாணத்தோடு தொடுக்கப்பட்டவை. காரைநகருக்கு வேறு பக்கத்தால், பொன்னாலைத் தாம்போதி வழியாக வீதி இருக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் வேலணைத் தீவிலுள்ள ஊர்காவற்றுறையிலிருந்து படகு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடலைக் கடக்கப் ‘பாதை’ ஓடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சொல் குழப்பம் தரும். இங்கே பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் தட்டையான மிதவை. ‘பாதை வந்திட்டுதா?’ என்று துறையில் யாராவது கேட்டால் வீதியைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்தப் பாதைதான் தீவகப் பயணத்தை ஒரு வட்டமாக்கித் தருகிறது. அது இல்லாவிட்டால் போன வீதியாலேயே யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி காரைநகருக்கு ஓட வேண்டும். மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ என்றால் ஏற்றிக்கொள்வார்கள். கார், வான் என்றால் பாதையை நம்பித் திட்டம் போடாதீர்கள், வீதியால் சுற்றி வருவதற்கான நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் காரில் வருவதை விட இரண்டு மோட்டார் சைக்கிளில் வருவது நல்லது என்று சொல்வதற்கு இதுவே முதற்காரணம். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வருபவர்கள் வாடகை வண்டி எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

காலம். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயணம் சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் படகுச் சேவையையே நிறுத்திவிடுவார்கள், நெடுந்தீவில் இருப்பவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை சோளகம். மழை இராது, வானம் நீலமாகத்தான் இருக்கும், ஆனால் தென்மேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே இருப்பதால், போகும்போது படகு காற்றுக்கும் அலைக்கும் நேரே முகம் கொடுத்துப் போகும். அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்கித் தூக்கிக் குத்தும், தண்ணீர் உள்ளே தெறிக்கும். வரும்போது அதே காற்று முதுகிலிருந்து தள்ளுவதால் ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். நயினாதீவு பக்கத்திலேயே இருப்பதால் அந்தக் கடவையில் இவ்வளவு தெரியாது. மாசி, பங்குனி, சித்திரையில்தான் கடல் குளம்போலக் கிடக்கும். வெயில் கடுமைதான், இருந்தாலும் முதற்தடவை போகிறவர்களுக்கு இந்த மூன்று மாதங்களையே சொல்வோம். பறவைகள் பார்க்க ஆசைப்பட்டால் மாசியின் தொடக்கம் இன்னும் நல்லது. வலசை வந்தவை பரவைக் கடலின் ஆழமில்லாத தண்ணீரில் அப்போதும் நிற்கும்.

நாட்களையும் பாருங்கள். போயா (பௌர்ணமி) தினங்களிலும் பாடசாலை விடுமுறையிலும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக நயினாதீவின் நாகதீப விகாரைக்கு யாத்திரிகர் வருவார்கள். ஆனி மாதத்தில் அதே தீவின் நாகபூசணி அம்மன் திருவிழா. மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் போகும் மக்களும் குறிகட்டுவானில் கூடுவார்கள். விழாவுக்காகவே போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒரு நிறைவு. ஊர் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

முதல் நாளை முழுதாக நெடுந்தீவுக்குக் கொடுங்கள். காலை 6 மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டுவிட வேண்டும். பெற்றோலை நகரத்திலேயே நிரப்புங்கள். பண்ணையைத் தாண்டும்போது இரு பக்கமும் கடலில் வரிசையாக நட்ட தடிகள் தெரியும், சிறகுவலைகள். இறால் பிடிப்பு இரவில் என்பதால், விடிகாலையில் போனால் மீனவர்கள் கூட்டிலிருந்து இறாலை எடுத்துக்கொண்டு கரைக்கு வருவதைக் காணலாம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதி ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு வீதி, ஒதுங்குவதற்கு நிழல் என்று ஒன்றும் கிடையாது. சோளகத்தில் காற்று மோட்டார் சைக்கிளை அடித்துத் தள்ளும். வேகத்தைக் குறைத்து, வீதியின் ஓரத்தைப் பிடிக்காமல் சற்று உள்ளே ஓடுங்கள். எதிரே பஸ் வந்து கடக்கும் அந்தக் கணத்தில் காற்று தடைப்பட்டு மறுபடி அறையும், பழக்கமில்லாதவர்கள் தடுமாறுவது அப்போதுதான். பஸ்ஸில் வருபவர்கள் 776ஆம் இலக்கத்தைப் பிடித்தால் நேரே குறிகட்டுவானில் இறங்கலாம், ஒன்றரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

நெடுந்தீவுக்கு வடதாரகை, குமுதினி போன்ற படகுகளும் தனியார் படகுகளும் ஓடுகின்றன. எந்த நாளில் எது, எத்தனை மணிக்கு என்பது மாறிக்கொண்டே இருக்கும். முந்திய நாள் பின்னேரம் துறையில் விசாரித்து வைப்பதே வழி. பொதுவாக இந்த ஓட்டம் பயணிகளுக்காக அமைந்ததல்ல. காலையில் அரச ஊழியர்கள் தீவுக்கு வேலைக்குப் போவதையும் பிற்பகலில் திரும்புவதையும் ஒட்டி அமைந்தது. அதனால் கிழமை நாளில் காலை போய்ப் பிற்பகல் திரும்புவது பொருந்தி வரும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. கடவைக்கு ஒரு மணிநேரம். ஏறியதும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். பல படகுகளில் ஆட்கள் உட்காருவது கீழ்த்தட்டில். எஞ்சின் புகையும் சூடும் சேர்ந்து தலை சுற்றும். வயிறு குமட்டுபவர்கள் காற்று வரும் வாசலை அண்டி, படகின் நடுப்பகுதியில் இடம் பிடித்துத் தூரத்துக் கரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள்.

இறங்கும் இடம் மாவிலித்துறை. 1985 மே 15 அன்று இந்தக் கடலில் குமுதினிப் படகில் போய்க்கொண்டிருந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் துறைக்கு அருகில் இருக்கிறது. ஓட்டோக்காரர் அவசரப்படுத்தினாலும் சில நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள். இந்தக் கடவை தீவு மக்களுக்கு எவ்வளவு பெரிய உயிர்க்கோடு என்பது அங்கே நின்றால் விளங்கும்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து பார்க்க முடியாது, துறையிலேயே ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது வாடகையை மட்டும் பேசாமல், எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் துறையில் திரும்ப விடவேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ‘குதிரை பார்க்க வேணும்’ என்று முதலிலேயே சொல்லாவிட்டால், கோட்டையும் புறாக்கூடும் பெருக்கமரமும் (பாவோபாப்) காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடக்கூடும். மூன்றும் ஊர்ப்பக்கத்தில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. குதிரைகள் நிற்பதோ தெற்கிலும் மேற்கிலும் விரியும் புல்வெளியில், வீதியும் கரடுமுரடு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்து, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை இவை, இன்று யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. வெயில் ஏறினால் நீர்நிலைகளைத் தேடி வரும், அங்கே காத்திருந்தால் போதும், துரத்திப் போகக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றி இவை சாவதுண்டு. ஆகவே ஒரு கூட்டத்தைத் தண்ணீரிலிருந்து விரட்டிப் படம் எடுப்பது சின்னப் பிழையல்ல. 2015இல் இங்கே தேசிய பூங்காவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

போகும் வழியெல்லாம் வேலிகளைக் கவனியுங்கள். கடற்பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டியவை. காற்று இடைவெளிகளால் ஊடுருவிப் போவதால் சோளகத்திலும் சாயாமல் நிற்கின்றன. நெடுந்தீவில் எங்களுக்கு மிகப் பிடித்தது கோட்டையல்ல, குதிரையுமல்ல, இந்த வேலிகள்தான். ஒவ்வொரு வளவின் வேலியிலும் ஒரு கை தெரியும். கல்லைத் தொட்டு அசைக்காதீர்கள், ஒன்று கழன்றால் ஒரு முழம் சரியும்.

சாப்பாட்டுக்குச் சுற்றப் புறப்படும் முன்பே கடையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அங்கே ஆள் கணக்குக்குத்தான் உலை வைப்பார்கள். ஆளுக்கு 3 லீற்றர் குடிதண்ணீர் கொண்டுபோங்கள். தீவுக் கிணறுகளில் பல உவர். காசைத் தாளாக, சில்லறையோடு வைத்திருங்கள். கடைசிப் படகுக்கு முந்திய படகையே உங்கள் படகாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு நிறைந்துபோனால் அல்லது காற்று எழும்பினால் அடுத்தது மறுநாள் காலைதான்.

இரண்டாம் நாள் வட்டம். மறுபடியும் காலையில் குறிகட்டுவான். நயினாதீவுக்குப் படகுகள் அடுத்தடுத்து இருக்கும், 20 நிமிடக் கடவை. வண்டியைத் துறையில் விட்டு, தலைக்கவசத்தைப் பூட்டிவிட்டுப் போங்கள். தீவில் அம்மன் கோயிலுக்கு ஒரு துறை, விகாரைக்கு ஒரு துறை. ஏறும்போதே எந்தத் துறையில் இறங்கும் படகு என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையே நடை தூரம்தான் என்பதால் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிவிடலாம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். மதியப் பூசைக்கு நின்றால் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. ஆனால் பாதையையும் காரைநகரையும் அதே நாளில் முடிக்க விரும்பினால் 11 மணிக்குள் குறிகட்டுவானுக்குத் திரும்பிவிட வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்ய முயன்று கடைசியில் காரைநகரின் கசூரினாக் கடற்கரையை இருட்டில் பார்ப்பவர்கள் உண்டு.

திரும்பும் வழியில் வேலணையில் சாட்டிக் கடற்கரைக்கு அரைமணி கொடுக்கலாம். பிறகு வங்களாவடிச் சந்தியிலிருந்து ஊர்காவற்றுறை வீதி. இரு மருங்கும் பனங்கூடல், பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடுகள், பெரிய தேவாலயங்கள். போர்த்துக்கேயர் ‘கைஸ்’ என்று அழைத்த துறைமுகம் ஊர்காவற்றுறை, அவர்கள் மொழியில் இறங்குதுறை என்று பொருள். கரையில் நின்றால் கடலுக்கு நடுவே கல்லாலான ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை. இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடையாகப் பார்த்து, அதன் குதிக்கால் இது என்று ‘ஹாமன்ஹீல்’ என்று பெயர் வைத்தார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் காரைநகர்ப் பக்கத்திலிருந்து, கடற்படையின் ஏற்பாட்டில்தான். வெறுமனே பார்ப்பதற்குப் பாதையில் நின்றபடி பார்ப்பதே போதும்.

பாதையில் ஏற்றும்போது எஞ்சினை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டே ஏற்றுங்கள். ஏறுபலகை ஈரத்தில் வழுக்கும், பிறேக்கைச் சடுதியாகப் பிடித்தால் முன்சில்லு சறுக்கும். ஏறியதும் கியரில் விட்டு, பக்கக் காலைப் போட்டு, ஒரு கையால் பிடித்தபடியே நில்லுங்கள். பாதை பகலில் ஓடும், மாலை 6 மணியோடு நின்றுவிடும் என்று கணக்கு வையுங்கள். பாதுகாப்பாக 3 மணிக்குத் துறைக்கு வந்துவிட்டால், ஒரு ஓட்டம் தவறினாலும் வீதியால் திரும்பப் பகல் வெளிச்சம் மிஞ்சும்.

அக்கரை காரைநகர். ஈழத்துச் சிதம்பரம் எனப்படும் சிவன் கோயில் மாலைப் பூசைக்குத் திறந்திருந்தால் உள்ளே போய்விட்டு, கசூரினாவுக்குப் போகலாம். ஆழமில்லாத கடல், நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர்தான், பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஏற்றது. வட்டத்தை இந்தத் திசையில் சுற்றச் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது: கடைசி இடத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதி இருக்கிறது, 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். படகை எண்ணிப் பதறாமல் பொழுது சாயும் வரை கடலில் நிற்கலாம். மறுதிசையில் சுற்றினால் நாளின் முடிவில் படகும் பாதையும் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பொன்னாலைத் தாம்போதியை இருட்ட முன் தாண்டுங்கள், வீதியில் மாடுகள் படுத்திருக்கும். அன்றிரவே வண்டியைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் உப்புக்காற்றில் நின்ற சங்கிலி அடுத்த நாள் காலையில் துருவேறிச் செம்மண் நிறத்தில் இருக்கும்.