விழுந்தது வாழை, அடங்கலில் மஞ்சள்

வாழைக்கு நிவாரணப் பணம் ஒருவழியாக வங்கியில் ஏறிவிட்டது. எவ்வளவு என்று பின்னால் சொல்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் சத்தி, கோபி பக்கம் கோடைக் காற்றில் யாருக்காவது வாழை சாயாத வருஷம் கிடையாது, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

காற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரைக் கடைசி, பகலெல்லாம் வேக்காடு, சாயங்காலம் மழைக்கு முன்னால் காற்று இறங்கியது. மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று என்று வானிலை மையம் காலையிலேயே சொல்லியிருந்தது. சொல்லி? தார் போட்ட கதலியைப் பிடுங்கி வீட்டுக்குள்ளா வைக்க முடியும்? முட்டுக் கொடுத்த மரம் முட்டோடு படுத்தது. எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் போச்சு. பக்கத்துத் தோட்டத்தில் வரப்போரம் நாலைந்து மரம்தான்.

இந்தப் பக்கத்துத் தோட்டம்தான் பயிர்க் காப்பீட்டில் வினை. 5 சதவீதப் பிரீமியம் கட்டியிருந்தோம். 72 மணி நேரத்துக்குள் சொல்லணும் என்பதால் மறுநாளே காப்பீட்டு உதவி எண் 14447-க்குப் பேசினேன். ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் தீ என்றால் தனித் தோட்டத்துக்குப் பார்ப்பார்களாம். காற்றுக்கு அப்படி இல்லை, பிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) முழுக்கச் சராசரி மகசூல் குறைந்தால்தான். பிர்க்காவில் மற்றவர்கள் மரமெல்லாம் நன்றாக நிற்கிறது. சரி, அது அவ்வளவுதான்.

அடுத்தது அரசு நிவாரணம். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்கணும், 2 ஹெக்டேர் வரைக்கும்தான். தோட்டக்கலை ஆள் வந்து மரத்தை எண்ணிவிட்டார், நல்ல மனுஷர். ஆனால் வருவாய்த் துறையும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அங்கேதான், எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கில் மாட்டிக்கொண்டது.

"ஏனுங்க, உங்க அடங்கல்ல மஞ்சள்னு இருக்குதுங்களே. மஞ்சள் எப்படிங்க காத்துல விழும்?"

"மஞ்சளை வெட்டி வித்துட்டுத்தானுங்க கன்னு நட்டோம். தோட்டத்துக்கு வந்து பாருங்க."

"கம்ப்யூட்டர்ல என்ன இருக்குதோ அதைத்தானுங்க நான் பார்க்க முடியும்."

மாசாமாசம் வயலைப் பார்த்து எழுதவேண்டிய கணக்கு அது. ஜூலையில் புதுப் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, பிறந்தபோது பழைய பசலியில் இருந்ததை அப்படியே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கேட்டால் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் ஜமாபந்தி (வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை) வேலை. இதற்குள் விழுந்த தாரெல்லாம் தோலில் கறுப்புக் கண்டு, வியாபாரி எடை கூடப் போடாமல் கண்மதிப்புக்கு விலை சொன்னான். ஆய்வு முடியாமல் தோட்டத்தைச் சுத்தம் செய்யவும் பயம்.

கடைசியில் காப்பாற்றியது, காசு தராத அந்தக் காப்பீடுதான். பிரீமியம் கட்டும்போது விதைப்புச் சான்று வாங்கியிருந்தோம் அல்லவா? அதே அலுவலக முத்திரையோடு, அதே சர்வே எண்ணுக்கு, 'வாழை' என்று எழுதியது. அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இதை முன்னாடியே கொண்டாந்திருக்கலாமுங்களே" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றைக்கே அடங்கல் மாறியது.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகளின் சம்மதக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பெரியப்பா பையன் திருப்பூரில் கம்பெனி ஷிப்டில் இருந்தான், அதற்கே தனி அலைச்சல். விழுந்த அன்றைக்கே இடமும் தேதியும் பதிகிற மாதிரி படம் எடுங்கள், சாய்ந்த மரத்தோடு நீங்களும் நிற்கிற மாதிரி. தாரை விற்றுத்தான் ஆகணும் என்றால் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்தில் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

தொகைக்கு வருகிறேன். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்க் கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு ஏழாயிரம் கூட வராது. முட்டுக் கம்பு வாங்கின கடையில் இன்னும் பாக்கி நிற்கிறது.