மில்டவுன் மால்பேயில் மூன்றாவது சுற்று

அயர்லாந்தின் கிளேர் பகுதிக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் கடலோரத்து மோஹர் பாறைகளைப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்தேன், நல்ல காற்று. நான் போனது அதற்குத் தெற்கே இருக்கும் மில்டவுன் மால்பே என்ற சின்ன ஊருக்கு. இல்லன் பைப் என்ற துருத்தி வாத்தியக் கலைஞர் வில்லி கிளான்சியின் சொந்த ஊர் அது. அவர் இறந்த 1973-லேயே அவர் பெயரில் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. ஜூலையில் அந்த வாரம் முழுக்க ஊரே வாத்தியமும் கையுமாக அலைகிறது.

பகலில் டின் விசில் வகுப்பு. ஆறு துளை உள்ள தகரக் குழல், அவ்வளவுதான். ஆசிரியர் நோட்டேஷன் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிப்போம், அப்புறம் அடுத்த துண்டு. கர்நாடக இசை பாடம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஸ்வரத்தை அழகுபடுத்தும் கமகம் மட்டும் வேறு மாதிரி: மேல் விரலைச் சட்டென்று தூக்கினால் 'கட்', கீழே தட்டினால் 'டாப்', இரண்டும் ஒரே ஸ்வரத்துக்குள் வந்தால் 'ரோல்'. என் விரல்களோ வழுக்கிக்கொண்டு போகவே பார்த்தன.

உண்மையான பாடம் ராத்திரி, பப்பில். மேடை கிடையாது. வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக உட்கார்கிறார்கள், நாம் அவர்கள் முதுகைப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான். "உட்காரலாமா?" என்று கேட்டேன், இடம் கிடைத்தது. ஒரு ட்யூன் என்றால் பெரும்பாலும் எட்டு பார் (தாளச் சுற்று போன்ற அளவு) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக 32 பார். அதை மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த ட்யூனுக்குத் தாவுவார்கள். நடன ட்யூன்களில் ஜிக் என்ற வகை என்றால் திஸ்ர நடை (மும்மூன்றாக எண்ணுவது), ரீல் என்ற வகை என்றால் சதுஸ்ரம் (நான்கு நான்காக). ஸ்வரம் அரிகாம்போதி ராகத்துடையதா கரகரப்ரியா ராகத்துடையதா என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சுற்றில் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது என்று மட்டும் கேட்டேன். இரண்டாவதில் ஒவ்வொரு வரியின் முடிவை மட்டும் மெதுவாக ஊதினேன். மூன்றாவதில் நடுவில் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் வந்தது. வரும்போதே தாவிவிட்டார்கள்! எரிச்சலாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுநாள் இன்னொரு பப்பில் அதே ட்யூன் வந்தபோது விரல் தானாகப் போனது.

பக்கத்தில் ஃபிடில் (வயலின்தான்) வாசித்த அம்மாவிடம் அதன் பெயரைக் கேட்டேன். தெரியாது என்றார். யாரிடமிருந்து கற்றார் என்பதை மட்டும் விலாவாரியாகச் சொன்னார், அந்த ஆளின் மாடுகள் உட்பட.