கட்டியக்காரன் கேட்கும் கேள்வி

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், செய்யாற்றுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கல்யாண மண்டபம் ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளோடு இருக்கக் கலைஞர்களைப் பழக்கும் எங்கள் முதல் பயிற்சி முகாம் தொடங்கியது. வந்தவர்கள் 16 பேர். தெருக்கூத்துக் கலைஞர்கள் 9 பேர், பம்பையும் பறையும் வாசிப்பவர்கள் 4 பேர், சுவர்களில் படமும் எழுத்தும் வரைபவர்கள் 2 பேர், கொலு பொம்மையும் கோயில் குதிரையும் செய்கிற ஓர் அம்மா. அவர்களில் மூத்தவர் அறுபதைக் கடந்த ஒரு கூத்து வாத்தியார். அவருடைய துணிப்பையில் சலங்கை, கைக்கண்ணாடி, முகத்தில் பூசும் முத்துவெள்ளை டப்பா ஆகியவற்றோடு, தோல் சீவி எண்ணெய் தடவிய புளியம் விளார் ஒன்றும் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "இதுவும் ஒரு வாத்தியார்தான் சார், என்னைவிடப் பெரிய வாத்தியார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறு நாள் முகாமின் பெரிய விவாதங்களில் ஒன்று அந்த விளாரைப் பற்றியதாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் திட்டம் எளிமையானது. ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு, பள்ளி முடிந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரங்கள், அந்தந்த வட்டாரத்துக் கலைஞர் ஒருவர் இருப்பார். கூத்தோ பறையோ ஓவியமோ, தமக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர் செய்வார். அந்தச் சாக்கில் அவர்கள் பேசுவதைக் கேட்பார். கலையைக் கற்றுத் தேர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் கிடையாது. இந்தப் பணிக்கு என்ன பெயர் வைப்பது என்று பல நாள் யோசித்தோம். சுற்றறிக்கைகளில் வழக்கமாக வரும் சொல் 'வழிகாட்டி'. வழிகாட்டி என்றால் முன்னால் நின்று கை நீட்டுபவர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பக்கத்தில் நடந்து வருபவரைக் குறிக்கும் 'வழித்துணை' என்ற பழைய சொல்லே எங்களுக்குப் பிடித்திருந்தது. பெயரை மாற்றியதும் ஆள் மாறிவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு அன்றும் இல்லை.

கலைஞர்கள் பள்ளிக்குள் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகக் கலைப்பயணம் நடத்தியபோது, பல நாள் முகாம்களில் பயிற்சி பெற்ற குழுக்கள் பாட்டும் வீதி நாடகமுமாகத் தெருவுக்கு வந்தன. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் பாட்டும் நடனமும் ஓவியமும் கற்கிறார்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அரசுப் பள்ளிகளில் அமர்த்தப்பட்டார்கள். 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் தொடங்கிய குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. ஆனால் கலைஞர் அங்கே செய்தியைச் சுமந்து வருபவராகவோ, கலையைக் கற்றுக்கொடுப்பவராகவோ, போட்டிக்குத் தயார் செய்பவராகவோதான் பெரும்பாலும் இருந்திருக்கிறார். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் சும்மா இருக்கத் தெரிந்த பெரியவராக அவரைக் கருதி, அதற்கென்று அவரைப் பழக்கிய இடங்கள் குறைவு.

செய்தியைச் சுமக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை முதல் நாளே பார்த்தோம். "பிள்ளைகளோடு முதல் அரை மணி நேரத்தை எப்படித் தொடங்குவீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டதற்கு, 16 பேரில் 11 பேர் நெகிழி ஒழிப்பு, புகையிலை ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பாடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோயில் திருவிழாவுக்கு வெளியே ஒரு கிராமியக் கலைஞருக்கு இத்தனை ஆண்டுகளாகக் கிடைத்துவரும் வருமானம் பெரும்பாலும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளால்தான் வந்தது.

இரண்டாம் நாள் விளார் பற்றிய விவாதம் வந்தது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது என்று நான் சொன்னேன். வாத்தியார் மறுக்கவில்லை. "சட்டம் சரி சார். அடி வாங்காம எனக்கு ஒரு அடவும் வரலயே, நான் என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டார். நேர்மையான அந்தக் கேள்விக்குச் சட்டத்தின் எண்ணைச் சொல்வது பதிலாகாது. ஆகவே ஒரு சோதனை வைத்தோம். சுவரோவியர்களில் ஒருவருக்கு, நாற்பத்தைந்து வயதும் கொஞ்சம் தொப்பையும் உள்ளவருக்கு, கிறிக்கி சுற்றுவதை வாத்தியார் கற்றுத்தர வேண்டும். கோலும் கூடாது, கையைத் தொடவும் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

அந்த நாற்பது நிமிடங்களைப் போல வேறெதையும் நான் எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. கூத்தில் கிறிக்கி என்பது இருந்த இடத்திலோ வட்டமிட்டோ வேகமாகச் சுழல்வது. வாத்தியார் ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஆனால் வலக்கால் எப்போது தரையை விட்டு எழுகிறது, பார்வை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லத் தொடங்கியதும் அவருக்கே தெரியவில்லை. எழுந்து தாமே சுற்றிப் பார்த்தார். நின்றார். மறுபடி மெதுவாகச் சுற்றினார். "இருங்க, இருங்க, தோள்தான் முதல்ல திரும்புது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு அதை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாளத்தை வாயால் சொல்லும் ஒரு சொற்கட்டை வைத்து, மத்தளக்காரரை மெதுவாக வாசிக்கச் சொன்னார். சுவரோவியர் நான்காம் முறை சுற்றி, தடுமாறாமல் நின்றார். தமக்குத் தெரிந்ததைச் சொல்லாக மாற்ற வேண்டிய தேவை அதுவரை அவருக்கு வந்ததே இல்லை, விளார் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாள் அவர் பையில் அது இல்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தொடுவது பற்றிய பேச்சு இன்னும் சங்கடமானது. கூத்து வேடம் கட்டுவதென்பது சட்டை போடுவதைப் போன்றதன்று. இடுப்பில் கயிறு இறுக்கி, பாவாடையை மடித்துக் கட்டி, புஜக்கட்டையையும் மார்பதக்கத்தையும் உடம்போடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, இதைச் செய்யலாமா? தடை என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் வேடமே இல்லாத கூத்தாகியிருக்கும். முகவேலையை வைத்தே ஒருவர் வழி சொன்னார். கூத்தில் ஒவ்வொருவரும் கைக்கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசிக்கொள்வதுதான் வழக்கம். அதைப் போலவே கட்டுவதையும் கலைஞர் தம் உடம்பில் கட்டிக் காட்டுவார், பிள்ளைகள் தங்களுக்குள் இணையிணையாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்வார்கள். இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம். ஒருவர் வேடத்தை இன்னொருவர் கட்டும்போது வருகிற சிரிப்பும் சண்டையும் எங்கள் வகுப்புகளின் நல்ல பகுதிகளில் ஒன்று.

பிள்ளை மனம் விட்டுப் பேசும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினோம். கலைஞர்கள் மனநல ஆலோசகர்கள் அல்லர். அப்படி ஆக முயல்வது ஆபத்து. ஆனால் படம் வரைந்துகொண்டிருக்கும்போது, தலை நிமிராமல், ஒரு பிள்ளை பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லிவிடும். அந்த நேரத்தில் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வாயில் வருகிற முதல் வாக்கியம், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு" என்பது. அந்த வாக்கியத்தைச் சொல்லவே கூடாது என்று பழக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் எவராக இருந்தாலும் அதைத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே காக்க முடியாத வாக்கைக் கொடுப்பது பிள்ளையை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகிவிடும். "நீ சொன்னது நல்லது. உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போது நீயும் கூட இருக்கலாம்" என்பதை ஒவ்வொருவரும் தம் பேச்சுவழக்கில், தம் வாயால், பலமுறை சொல்லிப் பார்த்தார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லோரும் கைப்பேசியில் பதிந்துகொண்டார்கள். பம்பை வாசிக்கும் இளைஞர் ஒருவர் அன்று மாலை மழையில் தனியாக நின்று வெகுநேரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

நான் தயாரித்து எடுத்துப்போன பாடங்களில் பாதியைக் கலைஞர்களே தேவையற்றதாக்கினார்கள். நான்காம் நாள், கேட்கும் திறன் பற்றி நான் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது, ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் வேடம் போடுபவர் குறுக்கிட்டார். "சார், இது நம்ம திரைதானே?" என்றார். கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துரியோதனனோ கர்ணனோ வருகிறான் என்றால் நேரே வந்து நிற்பதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடுகிறான், சலங்கை ஒலிக்கிறது, கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. வெளியே நிற்கும் கட்டியக்காரன், வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன காரியம் என்று கேட்கிறான். கேலி செய்கிறான், தெரியாதவன் போல நடிக்கிறான். எல்லாம் தெரிந்த சபைக்கு முன்னால் அவன் அப்படிக் கேட்பதால்தான், ராஜா தன் வாயால் தன்னைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. அதன் பிறகே திரை விலகும். திரையை இழுத்துத் தள்ளிவிட்டு ராஜாவை வெளியே கொண்டுவரும் கட்டியக்காரனை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

அன்று மதியமே மண்டபத்தில் இருந்த வேட்டி ஒன்றைத் திரையாகப் பிடித்து அதை ஒரு பயிற்சியாக்கினோம். திரைக்குப் பின்னால் ஒருவர் எந்த வேடமாகவும் நிற்கலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். வெளியே இருப்பவர் கேள்வி மட்டும் கேட்கலாம். திரையை எப்போது விலக்குவதென்பதை உள்ளே இருப்பவரே முடிவு செய்வார். இன்று எங்கள் வகுப்புகள் எல்லாவற்றிலும், ஓவிய வகுப்பு உட்பட, முதல் வாரம் இதைக்கொண்டே தொடங்குகிறது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் ஆண்டில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வாரத்தில் ஆண்டு விழா குறுக்கே வந்தது. 24 பிள்ளைகளில் நன்றாக ஆடும் 8 பேரை மட்டும் வைத்து பத்து நிமிட நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டார்கள். நாங்களும் பள்ளியின் மனம் கோணக் கூடாது என்று ஒப்புக்கொண்டோம். கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் வகுப்புக்கு 9 பேர்தான் வந்தார்கள். தவறு முழுக்க எங்களுடையது. அன்றே மறுத்திருக்க வேண்டும். இப்போது பள்ளிகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் முதல் வரியே, பன்னிரண்டு வாரத்துக்குள் மேடை நிகழ்ச்சி கிடையாது என்பதுதான். இதைப் படித்துவிட்டு எங்களை வேண்டாம் என்று சொன்ன பள்ளிகளும் உண்டு.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலைஞர்களைப் பற்றி உருகி எழுதுபவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதக் கூத்துக் காலம். விடிய விடிய ஆடிவிட்டு மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பள்ளியில் வந்து நில் என்று எவரையும் கேட்க முடியாது. ஆகவே வகுப்புகளைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகே வைக்கிறோம். பயிற்சி நாள்களுக்கும் கூலி உண்டு, பேருந்துக் கட்டணம் தனி, பணம் அன்றன்றே கைக்கு வந்துவிடும். சான்றிதழ் கொடுத்தால் மகிழ்வார்கள் என்று தொடக்கத்தில் நான் நினைத்தேன். பொம்மை செய்யும் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சு அரிசி வாங்க முடியுமா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவருடைய வகுப்புக்குத்தான் இன்று அதிகப் பிள்ளைகள் வருகிறார்கள்.

சாதி பற்றிய ஒரு சிக்கலை இன்னும் எங்களால் தீர்க்க முடியவில்லை. பறை வகுப்பில் சேரும் பிள்ளைகளில் சிலர் வீட்டில் சொல்லாமல்தான் வருகிறார்கள். பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் எவரையும் சேர்க்கக் கூடாது என்பதும் எங்கள் விதிதான். இரண்டும் மோதும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசுகிறோம். சில வீடுகளில் கதவு திறக்கிறது.

வாத்தியாரின் வகுப்பில் சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். முதல் வாரத்திலிருந்தே திரை பிடிக்க மட்டும் வருவான். வேடம் வேண்டாம், பாட்டு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். நான்காம் வாரம் பொறுமை இழந்தது நான்தான். "அவனையும் கொஞ்சம் உள்ளே இழுங்களேன், வாத்தியாரே" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அவன் பிடிச்சா துணி ஆடாது சார், பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன், உண்மைதான். ஒன்பதாம் வாரம், திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளை ஒன்று விருத்தத்தை மறந்து திணறியபோது, திரையின் ஓரத்திலிருந்து அடுத்த அடி மெல்லிய குரலில் வந்தது. எல்லோருடைய பாட்டும் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. வாத்தியார் அதைக் கேட்காதவர் போலத் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. இந்த ஆண்டும் வருவதாகவும், திரைதான் பிடிப்பேன் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறான். வாத்தியார் சரி என்றிருக்கிறார்.