நாளண்டைக்கு இன்டர்வியூ

நாளண்டைக்கு எங்கட கெம்பஸ்ல ரொட்டரக்ட் கிளப்புக்கு (ரோட்டரி என்டுற சேவை அமைப்போட சேர்ந்த இளைஞர் கிளப்) ஆள் எடுக்கிறாங்க, ரெண்டு நாளா அதுக்குத்தான் ரெடியாகிக்கொண்டு இருக்கன். ரொட்டரக்ட் 1968ல அமெரிக்காவில துவங்கினது, சேர குறைஞ்சது 18 வயசு வேணும், ரோட்டரி 1985ல இருந்து போலியோவ ஒழிக்க வேலை செய்யுது, இதெல்லாம் கொப்பியில எழுதி வச்சிட்டன்.

ஆனா பாடமாக்கினது மட்டும் காணாது. நேத்து அக்கா குசினியில தேங்கா துருவிக்கொண்டே "ஏன் புள்ள சேரப்போறாய்?" என்டு கேட்டா, நான் "சமூக சேவை செய்ய" என்டன், "அது எல்லாரும் சொல்றது, மறுகா சொல்லு" என்டா. அப்பதான் நெஞ்சில கிடந்தது வாயில வந்திச்சு. ஒரு மாரியில வெள்ளம் வந்து நாங்க பள்ளிக்கூடத்தில தங்கி இருக்கக்குள்ள, முன்பின் தெரியாத ஒரு அண்ணா இடுப்பளவு தண்ணிக்குள்ளால பால்மா பக்கெட்டுகள தலையில வச்சுக் கொண்டு வந்தார், தம்பி அப்ப கைக்குழந்தை, அம்மா அந்தப் பக்கெட்ட வாங்கி நெஞ்சோட அணைச்சிக்கொண்டு நிண்டது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கிது. நானும் அப்பிடி ஒராளா இருக்கணும், அதுக்குத்தான் சேரப்போறன்.

அக்கா துருவுறத நிப்பாட்டிட்டா. "இதையே சொல்லு" என்டா.

இங்கிலீசுல கேட்டாலும் சொல்லத் தெரியணுமே, இப்ப கண்ணாடிக்கு முன்னால நிண்டு அதத்தான் சொல்லிப் பாக்கிறன்.