அமெரிக்கா தெர்மோஸ்டாட் நம்ம ஏசிக்கு செட் ஆகுமா?

மாமா பையன் டல்லாஸ்ல இருந்து ஒரு தெர்மோஸ்டாட் (ரூம் சூட்ட பாத்து ஏசிய ஓட்டி நிறுத்துற கண்ட்ரோல்) வாங்கிட்டு வந்து, "அண்ணா, இத செவுத்துல மாட்டுங்க, ஏசி தானா ஆன் ஆஃப் ஆகும்"னான். பின்னாடி பாத்தா ஆர், சி, ஒய், ஜி, டபிள்யூன்னு டெர்மினல். ஆர்ல சப்ளை, சி அதோட ரிட்டர்ன், ஒய் கம்ப்ரஸருக்கு, ஜி ஃபேனுக்கு, டபிள்யூ ஹீட்டருக்கு (மடிப்பாக்கத்துல யாருக்குப்பா ஹீட்டர்!). விஷயம் என்னன்னா இது 24 வோல்ட் ஐட்டம், அங்க யூனிட்டுக்குள்ளயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், நம்ம போர்டுல வர்றது 230, நேரா குடுத்தா பொசுங்கிடும், கை வெக்கிற ஆளுக்கும் ஆபத்து. அதுவும் இல்லாம வீட்டு ஸ்ப்ளிட் ஏசில சென்சார், கண்ட்ரோல் போர்டு எல்லாம் இன்டோர் யூனிட்டுக்குள்ளயே இருக்கு, ஒய் வயர சொருக இடமே கிடையாது. ஸ்ப்ளிட் ஏசி தானா ஆன் ஆஃப் ஆகணும்னா ரிமோட் சிக்னல் அனுப்புற ஐஆர் பெட்டி ஒண்ணு போதும்.

டக்ட் (ரூம் ரூமா காத்து கொண்டு போற பெரிய குழாய்) போட்ட ஏசி வெச்சிருக்கவங்க மட்டும், கண்ட்ரோல் 24ஆ 230ஆன்னு எலக்ட்ரீஷியன விட்டு பாக்க சொல்லிட்டு அதுக்கேத்தத வாங்குங்க. அத மாட்ட மேற்கு வெயில் அடிக்கிற செவுரு வேணாம், ஏசி காத்து நேரா படுற இடமும் வேணாம், தரையில இருந்து அஞ்சடி உயரம் சரியா இருக்கும். வயர் வர்ற ஓட்டைய பட்டி வெச்சு அடைச்சிடுங்க, பைப் வழியா சூடு காத்து வந்தா சென்சார் தப்பா காட்டும்.