மோட்டார் கொட்டகை கேமராவுக்கு எந்த முகவரி?

டெல்டாவில் திருவையாறு, மன்னார்குடி என எந்தப் பக்கம் போனாலும் மோட்டார் கொட்டகையில் ஒரு வைஃபை கேமராவும் மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரு ஸ்விட்சும் இப்போது சாதாரணம். மாட்டியபோது நன்றாக ஓடும். ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் ரெக்கார்டரில் படம் வராது. கேமராவைக் கழற்றிக் கடைக்குத் தூக்கும் முன் முகவரியைப் பாருங்கள்.

ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 போல ஓர் ஐபி எண் கொடுக்கிறது. அது கிரயம் அல்ல, குத்தகைதான். கெடு முடிந்தாலோ, கரண்ட் வந்து எல்லாக் கருவியும் ஒன்றாக எழுந்தாலோ எண் மாறக்கூடும். நேற்று கேமராவிடம் இருந்த 20 இன்று யாரோ ஒருவர் செல்போனிடம் இருக்கும். ரெக்கார்டரோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து எண்ணைக் கட்டிப்போடுவது. கேமராவின் அடியில் ஒட்டிய சீட்டில் 12 எழுத்தும் எண்ணுமாக மேக் முகவரி இருக்கும். அது குத்தகைக்கு வந்ததல்ல, கருவியோடு பிறந்தது. பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து ரௌட்டருக்குள் போய் (சிலவற்றில் 192.168.0.1), டிஎச்சிபி (கருவிகளுக்கு எண் பங்கிடும் வேலை) பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த மேக்கையும் வேண்டிய எண்ணையும் பதிந்து, கேமராவை அணைத்துப் போடுங்கள். கேமராவுக்குள்ளேயே எண்ணைக் கையால் எழுதுவதைவிட இதுவே நல்லது. அங்கே எழுதியது ரௌட்டருக்குத் தெரியாது. அதே எண்ணை வேறொரு கருவிக்கும் கொடுத்துவிடும், இரண்டும் மாறி மாறி அறுந்துபோகும்.

கேமராவின் எண் 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து பதிலே வரவில்லை, அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முதலில் கேபிள் முனையைப் பாருங்கள்.

வீட்டு மாடியிலிருந்து கொட்டகைக்கு ஜோடி ஆன்டெனா வைப்பவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பல ஜோடிகளில் இரண்டும் ஒரே எண்ணோடு டப்பாவிலிருந்து வரும். ஒன்றை மாற்றிய பிறகே இரண்டையும் இணைக்க வேண்டும். கொட்டகையில் இரண்டாவது ரௌட்டர் வைத்தால் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, எண்ணை 192.168.1.2 ஆக்கி (ரௌட்டர் அதை வேறு யாருக்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டு), கேபிளை வான் (WAN, வெளி இணையம் வரும்) துளையில் அல்லாமல் லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். வான் துளையில் செருகினால் அது தனி வலையமாகிவிடும்; வீட்டு ரெக்கார்டரால் அந்தக் கேமராவை எட்ட முடியாது.

இதெல்லாம் வீட்டுக்குள். சென்னையில் இருக்கும் பிள்ளை தன் போனில் 192.168.1.20 என்று அடித்தால் வராது. புல எண் 112/3 பல கிராமங்களில் இருக்கும். எந்தக் கிராமம் என்று தெரியாமல் நிலத்தைக் காட்ட முடியுமா? 192.168 எண்களும் அப்படித்தான், ஊரெல்லாம் திரும்பத் திரும்ப வருபவை. வெளியிலிருந்து வர ரௌட்டரின் பொது முகவரி வேண்டும்.

அது உங்களிடம் இருக்கிறதா என்று ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையோ, 10 என்றோ தொடங்கினால் இணைய நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. பழைய ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தாகிவிட்டன. இப்படிப் பங்கிட்ட எண்ணில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் ரௌட்டர் அமைப்பு) எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. இதைப் பார்க்காமல் நாள்கணக்கில் ரௌட்டரோடு மல்லுக்கட்டுபவர்களை நினைத்தே இவ்வளவு சொல்கிறேன். நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம். ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி எண்) கொடுத்திருந்தால் கருவிக்கே 2 என்று தொடங்கும் பொது முகவரி கிடைக்கும், ஆனால் ரௌட்டரின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) வழி விட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கேமரா நிறுவனத்தின் ஆப்தான் வழி. அதில் கேமராவே வெளியே போய் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பொது எண் தேவையில்லை.

பொது எண் கிடைத்தவர்கள் அவசரப்பட்டுப் போர்ட்டைத் திறக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமரா, ரெக்கார்டர், ரௌட்டர் போன்ற கருவிகளைத்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. கேமராவுக்கு விபிஎன் (வீட்டு வலையத்துக்குள் வரும் பூட்டிய தனிவழி) வழியே வாருங்கள். மோட்டார் ஸ்விட்சுக்குப் போர்ட் திறக்கவே வேண்டாம். யாரோ ஒருவர் நள்ளிரவில் போட்டுவிட, போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருந்தால் மோட்டார் வெறுமனே ஓடி, அதன் கம்பிச்சுருள் கருகிவிடும்.