இண்டிகேட்டர் போட்டா ஆடுற பெட்ரோல் முள்ளு

வண்டி 2006 மாடல், 150 சிசி, அப்பா வாங்கினது, இப்ப நான் ஓட்டுறேன். கம்பெனி பேரு இங்க தேவையில்ல, ஏன்னா அந்த சமயத்துல வந்த 12 வோல்ட் வண்டி எதை எடுத்தாலும் பெட்ரோல் மீட்டர் வேலை செய்ற விதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வயசானா மக்கர் பண்ற விதமும் ஒண்ணுதான். என் வண்டில டேங்க் ஃபுல் பண்ணாலும் முள்ளு எஃப் (ஃபுல்) கோட்டைத் தொடாது, கொஞ்சம் கீழயே நிக்கும். அங்கேருந்து பாதி வரைக்கும் மரியாதையா இறங்கும், பாதி வந்ததும் தொபுக்குன்னு ஈ-ல (எம்ப்டி, அதாவது காலி) போய் படுத்துக்கும், கொஞ்ச தூரம் ஓட்டினா தானா எழுந்து வந்து கால் டேங்க்ல நிக்கும். இதெல்லாம் கூட பரவால்ல, மவுன்ட் ரோடு சிக்னல்ல நின்னு இண்டிகேட்டர் போட்டா அது அடிக்கிற தாளத்துக்கு முள்ளும் கூடவே லேசா ஆடும் பாருங்க, அதான் எனக்கு ரொம்ப உறுத்திச்சு.

மெக்கானிக் ஒரு பார்வை பாத்துட்டு "மீட்டர் போச்சு சார், செட்டா மாத்திடலாம்"னு சொல்லிட்டாரு. ரெண்டாயிரத்து சொச்சம் ஆகும், ஒரிஜினல் கிடைச்சா. எனக்கு மனசு ஒப்பல. மீட்டர் செத்துப்போயிருந்தா நான் இண்டிகேட்டர் போட்டது அதுக்கு எப்படி தெரியும்? உசுரோட இருக்கிறதாலதான ஆடுது. அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்து நானே உக்காந்துட்டேன். முன்னூறு ரூபா கூட வராது, கார்பரேட்டர் வண்டி வச்சிருக்கிறவங்க வீட்ல ஸ்பேனர் செட்டு பக்கத்துல இருக்க வேண்டிய சாமான் அது.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன், இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். டேங்க் உள்ள ஒரு மிதவை இருக்கு, அது ஒரு கம்பியோட முனையில தொங்குது, கம்பியோட இன்னொரு முனையில ஒரு சின்ன பித்தளை நாக்கு. பெட்ரோல் ஏறி இறங்க அந்த நாக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள் மேல தேய்ச்சிட்டே போகும். பழைய ரேடியோவுல வால்யூம் திருகுவோமே, உள்ள நடக்கிறது அச்சு அசலா அதேதான். இந்த மொத்த சாமானையும் கடையில டேங்க் யூனிட்னு சொல்வாங்க, சில பேரு வெறுமனே ஃப்ளோட்டுன்னு கேப்பாங்க. என் வண்டில டேங்க் ஃபுல்லா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கம்மி, காலியானா ஜாஸ்தி. மேல மீட்டர்ல இருக்கிற காயில் வழியா வர்ற கரண்ட்டு இந்த ரெசிஸ்டன்ஸ் வழியா இறங்கி எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவுக்கு திரும்புற வழிக்கு போகுது, எவ்வளவு போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி முள்ளு நிக்குது. ஆக முள்ளு தப்பா காட்டுச்சுன்னா மீட்டர், வயரு, டேங்க் யூனிட், எர்த் இந்த நாலுல ஒண்ணு. மெக்கானிக்குங்க முதல்ல கை வைக்கிறது விலை ஜாஸ்தியான மீட்டர்லதான், ஏன்னா அது கண்ணுக்கு தெரியுது.

சீட்டைக் கழட்டினா டேங்க் அடியிலேருந்து வர்ற ரெண்டு வயரு கப்ளர் (வயருங்களை சேக்கிற பிளாஸ்டிக் ஜாயின்ட்) தெரியும். சாவியைப் போட்டுட்டு அந்த கப்ளரைப் பிரிச்சேன், முள்ளு மெதுவா ஈ-க்கு இறங்கிச்சு. சரி. அடுத்து மீட்டர் பக்கத்துலேருந்து வர்ற வயரை ஒரு துண்டு வயரு வச்சு நேரா பேட்டரி நெகட்டிவ்ல தொட்டேன், முள்ளு ஜம்முனு எஃப் தாண்டி போய் நின்னுச்சு. உடனே எடுத்துட்டேன், ரொம்ப நேரம் இப்படி வச்சிருக்கக்கூடாது, அதுவும் இன்னும் பழைய வண்டியில வர்ற சூடாகி வளையுற தகடு டைப் மீட்டரா இருந்தா சுட்டுப்போயிடும். அப்புறம் இதையெல்லாம் டேங்க் மூடி நல்லா மூடியிருக்கும்போது, வெளி காத்துல வச்சுதான் பண்ணணும், பொறி பறக்கிற வேலை. எப்படியோ ரெண்டு டெஸ்ட்லயும் முள்ளு சொன்ன பேச்சு கேட்டுச்சு, அதனால மீட்டரும் அங்கேருந்து வர்ற வயரும் நல்லா இருக்குன்னு முடிவாச்சு. ரெண்டாயிரம் மிச்சம்.

இப்பதான் எனக்கு பிடிச்ச இடம். பேட்டரி நெகட்டிவ்ல தொட்டப்ப இண்டிகேட்டர் போட்டுப் பாத்தேன், முள்ளு ஆடவே இல்ல, கல்லு மாதிரி நின்னுச்சு. அதே வயரை கப்ளர்ல இருக்கிற எர்த் பின்னோட சேத்து தொட்டப்ப முள்ளு கொஞ்சம் கம்மியா நின்னுச்சு, இண்டிகேட்டர் போட்டா ஆடவும் ஆரம்பிச்சிடுச்சு. அப்ப வண்டியோட எர்த் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல எங்கயோ துரு உக்காந்திருக்கு. பேட்டரி வீக்கா இருந்தாலும் இப்படி ஆடும்கிறதால அதையும் ஒரு தடவை அளந்து பாத்துட்டேன், 12.6 வோல்ட் இருந்துச்சு, இண்டிகேட்டர் எரியும்போதும் 12.3க்கு கீழ போகல, அதனால அதுமேல பழி போட முடியாது.

எர்த்தை எப்படி செக் பண்றதுன்னா நிறைய பேரு ஓம்ஸ்ல வச்சு பீப் சத்தம் வருதான்னு பாத்துட்டு விட்டுடுவாங்க. அது பத்தாது. ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும். கரண்ட்டு ஓடும்போது வோல்ட் பாக்கணும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-ல வச்சு ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் துருவத்துலயே, இன்னொரு முனை அந்த கப்ளரோட எர்த் பின்ல, சாவி ஆன், இண்டிகேட்டர் ஆன். நல்ல எர்த்தா இருந்தா பாயின்ட் ஒண்ணு, பாயின்ட் ரெண்டுக்கு மேல காட்டக்கூடாது. எனக்கு இண்டிகேட்டர் எரியுற ஒவ்வொரு தடவையும் 1.4 வரைக்கும் குதிச்சுது. கணக்கு போட்டா சரியா வருது, 10 வாட் பல்பு ரெண்டு எரியுது, சுமாரா 1.7 ஆம்பியர், எர்த் ஜாயின்ட்ல ஒரு ஓம் கூட முழுசா வேணாம், முக்கா ஓம் துரு இருந்தாலே ஒண்ணேகால் வோல்ட்டை முழுங்கிடும். டேங்க் யூனிட்டும் அதே எர்த் வழியாதான் போகுது, அதோட எர்த்தே ஒண்ணேகால் வோல்ட் மேல ஏறினா கரண்ட்டு குறையும், முள்ளு இறங்கும், இண்டிகேட்டர் அணைஞ்சா திரும்ப ஏறும். பிரேக் புடிச்சா 21 வாட் பல்பு எரியுதுல்ல, அப்பவும் லேசா இறங்கிச்சு, இத்தனை நாள் கவனிச்சதே இல்ல.

இந்த மெயின் எர்த் எங்க இருக்குன்னு தேடுறதுதான் பெரிய வேலை. ஹெட்லைட் டூமைக் கழட்டினா உள்ள பறவைக்கூடு, அங்க இருக்கிற கப்ளர் எல்லாத்தையும் பிரிச்சு காண்டாக்ட் கிளீனர் அடிச்சேன், ஒரு முன்னேற்றமும் இல்ல. கடைசியில டேங்குக்கு அடியில, இக்னிஷன் காயில் போல்ட்டோட சேத்து ஒரு வளைய டெர்மினல், அதுல ஹார்னஸோட (வண்டியோட மொத்த வயர் கட்டு) எர்த் மொத்தமும் வந்து முடியுது. போல்ட் தலையில துரு, வளையத்துக்கு அடியில பச்சைப் பாசி மாதிரி செம்பு அரிச்சுப் போயிருந்துச்சு. மெட்ராஸ் மழைத்தண்ணி, வாட்டர் வாஷ் கடையில பிரஷர்ல அடிக்கிற தண்ணி, எல்லாம் அங்கதான் போய் உக்காருது போல. எமரி பேப்பர் போட்டு வளையம், போல்ட், சேஸிஸ்ல பெயின்ட் இருந்த இடம் மூணையும் பளபளன்னு தேய்ச்சு, டைட் பண்ணி, மேல கொஞ்சம் வாசலின் தடவி விட்டேன். திரும்ப அளந்தா 0.08. முள்ளு ஆட்டம் நின்னுச்சு, ஃபுல் டேங்க்ல எஃப் கோட்டையும் தொட்டுச்சு. செலவு எமரி பேப்பர் காசு.

ஆனா பாதியில விழற வியாதி அப்படியேதான் இருந்துச்சு. அது டேங்க் யூனிட். இதுக்கு டேங்கைக் கழட்டியே ஆகணும், அதனால பெட்ரோல் கம்மியா இருக்கிற நாளா பாத்து ஆரம்பிச்சேன். பேட்டரி நெகட்டிவைப் பிரிச்சாச்சு, பெட்ரோல் காக் (டேங்க் அடியில இருக்கிற திருகு) ஆஃப் பண்ணி டியூபை உருவியாச்சு, பின்னாடி ஒரே ஒரு போல்ட், முன்னாடி ரப்பர் புஷ், லேசா தூக்கி பின்னாடி இழுத்தா டேங்க் கையில. மிச்ச பெட்ரோலை கேன்ல ஊத்திட்டு தலைகீழா பழைய துணி மேல வச்சேன். நாலு நட்டு, 10 நம்பர் ஸ்பேனர். யூனிட்டை நேரா இழுத்தா வராது, மிதவைக் கம்பி உள்ள வளைஞ்சிருக்கும், ஒரு பக்கம் சாய்ச்சு திருப்பித்தான் எடுக்கணும், அவசரப்பட்டா கம்பி வளைஞ்சிடும், அப்புறம் ரீடிங் மொத்தமும் மாறிடும்.

மிதவையை காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தேன், உள்ள சலக் சலக்குன்னு சத்தம் வந்தா ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்குன்னு அர்த்தம், அப்படி இருந்தா எப்பவும் காலின்னுதான் காட்டும். சத்தம் இல்ல, மிதவை நல்லாதான் இருக்கு. டேங்கை விட்டு தள்ளி வச்சு மல்டிமீட்டரை 200 ஓம்ஸ்ல போட்டு மிதவைக் கம்பியை மெதுவா தூக்கினேன். கீழ 95, தூக்கத் தூக்க குறைஞ்சு மேல போய் 8. நடுவுல ஒரு இடத்துல மட்டும் நம்பர் காணாமப் போய் வெறும் 1 நிக்குது, அதாவது தொடவே இல்ல. சரியா பாதி டேங்க் இருக்கிற இடம். ஒயிட் ஷீட்ல எண்ணெய் பட்டு காஞ்ச மாதிரி பழுப்பு கலர்ல பிசின் படிஞ்சு, நாக்கு தேய்ஞ்ச தடமும் தெரிஞ்சுது. வண்டி லாக்டவுன் சமயத்துல மாசக்கணக்கா பாதி டேங்க்கோட நின்னுச்சு, அப்ப படிஞ்சதாத்தான் இருக்கும். இப்ப பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணியை வேற உறிஞ்சும், வண்டியை நிறுத்தியே வைக்கிறவங்க இதை யோசிச்சுக்கணும்.

புதுசு கிடைக்குமான்னு ஜிபி ரோடு பக்கம் ஒரு நடை போனேன். இந்த மாதிரி மீட்டர், டேங்க் யூனிட்டெல்லாம் வண்டிக் கம்பெனி தானே செய்றது கம்மி, கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்துல இருக்கிற பிரிக்கால் மாதிரி ஆளுங்க 1970கள்லேருந்து செஞ்சு குடுக்கிறாங்க, அந்த மாதிரி ஒரிஜினல் சப்ளையர் பீஸ் கேட்டா இந்த மாடலுக்கு ஸ்டாக் வர்றதே நின்னுடுச்சுன்னாங்க. பேரே இல்லாத கவர்ல ஒண்ணு எடுத்து வச்சாரு கடைக்காரரு. "அண்ணே, ஒரு நிமிஷம் அளந்து பாத்துக்கிறேன்"னு மல்டிமீட்டரை எடுத்தேன். "என்ன தம்பி, ஸ்கேன் எடுக்கிற?"ன்னு சிரிச்சாரு. மேல தூக்கினா ஜாஸ்தி, கீழ விட்டா கம்மி, என் வண்டிக்கு நேர் தலைகீழ். இதை மாட்டியிருந்தா ஃபுல் டேங்க்ல காலின்னும் காலி டேங்க்ல ஃபுல்லுன்னும் காட்டியிருக்கும். சைஸ் ஒண்ணு, நாலு ஓட்டையும் பொருந்துது, வேல்யூ மட்டும் வேற வண்டியோடது. அவரே இன்னொண்ணு எடுத்துக் குடுத்தாரு, அது திசை சரி, ஆனா டேங்க் காலின்னா 500 ஓம் கிட்ட போகுது. வேணாம்ணேன்னு வந்துட்டேன்.

அதனால பழசையே சரி பண்ணினேன். பழைய டூத் பிரஷ், கொஞ்சம் பெட்ரோல், அப்புறம் காண்டாக்ட் கிளீனர், சுருள் மேல நீளவாக்குல மட்டும் மெதுவா. எமரி பேப்பர் இங்க கிட்டயே வரக்கூடாது, அந்தக் கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும், ஒரு இழுப்புல அறுந்துடும். நாக்கை மூக்கு பிளேயரால ஒரு மயிரிழை பக்கவாட்டுல நகத்தி, தேயாத இடத்துல உக்கார வச்சேன், லேசா அழுத்தமும் கூட்டினேன். திரும்ப அளந்தா 95லேருந்து 8 வரைக்கும் எங்கயும் விடாம வழுக்கிட்டு வருது.

மாட்டும்போது ஒரு சின்ன தலைவலி. ரப்பர் கேஸ்கெட் பெட்ரோல்ல ஊறி உப்பிப்போய் பள்ளத்துல உக்காரவே மாட்டேங்குது. தூக்கிப் போட வேணாம், ஒரு நாள் காத்துல காய விட்டா பழைய சைஸுக்கு சுருங்கிடும், எனக்கு அப்படித்தான் ஆச்சு. வெடிப்பு இருந்தா மட்டும் புதுசு போடுங்க. நட்டை குறுக்கு வாக்குல கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணி, பெட்ரோல் ஊத்தி கொஞ்ச நேரம் அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு கசிவு இருக்கான்னு பாத்துட்டுத்தான் பேட்டரி கனெக்ஷன் குடுத்தேன்.

டேங்க்ல கசிவு பாக்க ஊத்தினது மட்டும்தான் இருந்துச்சு, அதையும் கணக்குல சேத்து, சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி ஒவ்வொரு லிட்டரா ஊத்தி முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டேன். சைடு ஸ்டாண்ட்ல பாக்கக்கூடாது, பெட்ரோல் இடது பக்கம் ஒதுங்கிடும், ரீடிங் பொய். முதல் ஒண்ணரை லிட்டருக்கு முள்ளு அசையவே இல்ல, ரெண்டாவது லிட்டர்ல சிவப்பு முடியுற இடம், பாதின்னு அது காட்டுறப்ப உண்மையில டேங்க்ல இருக்கிறது பாதிக்கும் கம்மி. டேங்க் அடியில சேஸிஸ் பைப்புக்காக நடுவுல பள்ளம் விட்டிருக்காங்க, கீழ இடம் குறுகல், மேல அகலம், அதோட மிதவை நேரா ஏறாம வட்டமா ஏறுது, அதனால மேல் பாதி மெதுவா இறங்கும், கீழ் பாதி கடகடன்னு இறங்கும். இப்ப முள்ளு சிவப்பைத் தொட்டா ரெண்டு லிட்டர் கிட்ட இருக்குன்னு தெரியும், பெட்ரோல் காக்கை ரிசர்வ்ல திருப்ப வேண்டிய நேரமும் அதுக்கு கொஞ்சம் அப்புறம்தான் வருது. கீழ் கால் பாகத்துல முள்ளு இன்னும் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணுது, அதுக்காக திரும்ப டேங்கைக் கழட்டுற எண்ணம் இல்ல.